தரையிலிருந்து எழுபத்தொரு சென்டிமீட்டர்

ஜனவரி 17, வெள்ளி

கேட்டுக்கு அடித்த பெயின்ட் ஒருவழியாகக் காய்ந்தது. பொங்கலுக்கு முன்னால் முடித்திருக்க வேண்டிய வேலை, நேற்றுத்தான் முடிந்தது. பழைய பச்சை அரை டப்பா, கொஞ்சம் கறுப்பு, ஜன்னல் கம்பிக்கு அடித்து மிஞ்சின நீலம் ஒரு கரண்டி. நானே கலக்கியது. இந்தப் பச்சை எந்தக் கடையிலும் கிடைக்காது. சாந்தாமணி பார்த்துவிட்டு, "கெணத்துப் பாசியாட்டம் இருக்குதுங்க" என்றாள். கல்யாணமாகி முப்பத்துமூன்று வருடத்தில் என் எந்த வேலையைத்தான் மெச்சியிருக்கிறாள்.

மிருதுளா போன் செய்தாள். வளைகாப்பு பிப்ரவரி ஒன்பது, ஞாயிறு, தாராபுரத்தில் மாப்பிள்ளை வீட்டில். வளையல் போட்டு முடிந்ததும் அன்றைக்கே அவளை இங்கே அழைத்து வர வேண்டும். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தானே. மாப்பிள்ளை கார் வைத்து அனுப்புகிறேன் என்றாராம். "எங்கப்பா ஓட்டற வண்டியிலதான் போவேன்னு சொல்லிட்டேன்பா" என்றாள். அப்படித்தான் சொல்லுவாள். காலேஜில் கொண்டுபோய் விட்டதும் நான், கல்யாண மண்டபத்தில் இறக்கிவிட்டதும் நான்.

சாயங்காலம் வளையல் கடைக்குப் போய் வந்தோம். வழி நெடுக சாந்தாமணி, "இடது பக்கம் பஸ்ஸுங்க, இடது பக்கம் ஆட்டோங்க" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டு வந்தாள். தீபாவளியிலிருந்து இப்படி. ஓட்டுகிறவனுக்குத் தெரியாதா? முனைக் கடையில் பால் வாங்க இறங்கிக்கொண்டாள். நானே கேட்டைத் திறந்து வண்டியை உள்ளே விட்டேன். விடும்போது கேட் கிறீச்சென்று கத்தியது. கீலுக்கு எண்ணெய் விட வேண்டும்.

ஜனவரி 18, சனி

வண்டி கழுவும்போது பார்த்தேன். இடது பக்கம், முன்கதவில் ஆரம்பித்துப் பின்கதவு வரைக்கும் மூன்று கோடு. நீளம் ஒரு மீட்டர் பன்னிரண்டு சென்டிமீட்டர். தரையிலிருந்து எழுபத்தொன்று. நகத்தை வைத்து இழுத்தேன், நகம் கோட்டில் நிற்கிறது. நகம் நின்றால் ஆழம் என்று அர்த்தம், பாலிஷ் போட்டுப் போகாது. நடுக்கோட்டில் தகரமே தெரிகிறது. ஆறு வருடமாக ஒரு பொட்டுக் கீறல் விழாமல் வைத்திருந்த வண்டி.

கேட் காய வேண்டும் என்று நேற்றுப் பகல் முழுக்க வண்டியை வெளியே மதிலோரம் நிறுத்தியிருந்தேன். எதிர்வீட்டு ரெஜினா டீச்சரிடம் டியூஷனுக்கு வருகிறவர்களின் சைக்கிள் பதினொன்று. எல்லாம் என் மதிலோரம்தான். போய்க் கேட்டேன்.

"சார், வண்டி நின்னதால சைக்கிளையெல்லாம் நேத்து எங்க பக்கம்தான் போடச் சொன்னேன்."

"டீச்சர், பம்ப் கம்பெனியில முப்பத்தொரு வருஷம் இன்ஸ்பெக்ஷன்ல இருந்தவன் நான். எந்தக் கீறல் எதனால விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியும்."

"சரிங்க சார். பிள்ளைங்ககிட்டச் சொல்றேன்."

ஒத்துக்கொண்ட மாதிரியும் இல்லை, மறுத்த மாதிரியும் இல்லை. வீட்டுக்கு வந்தால் சாந்தாமணி, "கேட்டதும் கேட்டீங்க, ஊர் கூடற மாதிரி கத்தோணுமா?" என்றாள். கத்தவில்லை. என் குரலே அப்படி.

ஜனவரி 20, திங்கள்

டிங்கர் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரன் குனிந்து கையால் ஒரு தடவு தடவினான். "அண்ணா, இது சைக்கிள் இல்லீங்ணா. சைக்கிள் உரசினா கோடு ஏறி எறங்கும். இது ஒரே சீரா போகுது பாருங்க. ஏதோ ஒரு கம்பி நின்ன எடத்துல நின்னிருக்குது, வண்டிதான் நகர்ந்திருக்குது."

பெரிய கண்டுபிடிப்பு! விட்டுட்டுப் போங்க, பத்து நாள் ஆகும் என்றான். வேண்டாம் என்று வந்துவிட்டேன். வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். போனில் வீடியோ கொட்டிக் கிடக்கிறது. நான் பார்க்காத மேற்பரப்பா.

கேட் கீலுக்கு எண்ணெய் விட்டேன். விடுவதற்கு முன்னாலும் ஆட்டிப் பார்த்தேன், சத்தம் இல்லை. எண்ணெய் வீண்.

ஜனவரி 22, புதன்

சாமான் வாங்கினேன். பெயின்ட் கடையில், "என்ன கலருங்க?" என்றான். சாம்பல் என்றேன். "சாம்பல்ல நாப்பது இருக்குதுங்க, நம்பர் சொல்லுங்க" என்றான். நம்பர் டிரைவர் கதவைத் திறந்தால் உள்ளே ஸ்டிக்கரில் இருக்கும். திரும்ப வந்து எழுதிக்கொண்டு போனேன். வாட்டர் பேப்பர் நாலு நம்பரில், பட்டி ஒரு டியூப், பிரைமர், கலர், கிளியர் மூன்றும் ஸ்பிரே டப்பாவில், மாஸ்கிங் டேப், ரப்பிங் காம்பவுண்டு. கடைக்காரன் ஒவ்வொன்றையும் எடுத்து வைக்கும்போது என் இடது முழங்கை பட்டு ஒரு தின்னர் பாட்டில் கீழே விழுந்தது. நடமாடுகிற இடத்தில் யாராவது பாட்டிலை அடுக்குவார்களா?

ஜனவரி 23, வியாழன்

மேகமூட்டம். வேலை இல்லை. சாந்தாமணி காலையில் ஆறரைக்கே ரெஜினா டீச்சரோடு வாக்கிங் போய்விட்டாள். மூன்று மாதமாகப் போகிறாள். ஒரு கிலோவும் குறைந்த மாதிரி தெரியவில்லை.

ஜனவரி 25, சனி

ஆரம்பித்தேன். முதலில் ஷாம்பூ போட்டுக் கழுவித் துடைத்து, கோட்டுக்கு மேலேயும் கீழேயும் இரண்டு விரல் விட்டு டேப் ஒட்டினேன். தண்ணீர் தொட்டுத் தொட்டு வாட்டர் பேப்பரால் தேய்க்க வேண்டும். அழுத்தக் கூடாது. ஒரே திசையில் போக வேண்டும். ஒன்றரை மணி நேரம் பிடித்தது.

தேய்த்த தண்ணீர் சாம்பலாகத்தான் வடியும். முதலில் கொஞ்ச நேரம் பச்சையாக வடிந்தது. கோட்டுக்குள் பச்சை இருந்திருக்கிறது. டியூஷன் சைக்கிளில் ஒன்று பச்சை.

நன்றாக வெளுத்த பச்சை அது. இது கொஞ்சம் கறுத்த பச்சை.

சாந்தாமணி காபியோடு இடது பக்கம் வந்து நின்றிருக்கிறாள், நான் பார்க்கவில்லை. திரும்பினதில் டம்ளர் தட்டிவிட்டது. பூனை மாதிரி வந்து நிற்கிறாயே, சத்தம் கொடுக்கக் கூடாதா என்றேன். "கூப்பிட்டுட்டேதான் வந்தனுங்க" என்றாள். துணி எடுத்து வந்து தரையைத் துடைத்தாள். துடைத்துவிட்டு வடிந்த தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் கேட்டைப் பார்த்தாள்.

ஜனவரி 26, ஞாயிறு

கோட்டுக் குழியில் பட்டி வைத்தேன். தோசை மாவு பதம். அதிகம் வைத்தால் தேய்க்கத் தேய்க்கத் தீராது, குறைத்தால் கோடு மறுபடி குழியும். காய்ந்ததும் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு கையால் தடவினேன். கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லுவேன்: கண்ணை நம்பாதே, விரலை நம்பு. ஒரு மேடு அகப்பட்டது. தட்டையாக்கினேன்.

சாந்தாமணி பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே, "ஏனுங்க, மேட்டுல வண்டி நின்னா, பின்னால போகாம எடுக்கறதுக்கு கிளச்சை எவ்வளவு விடோணும்?" என்று கேட்டாள். உனக்கெதற்கு என்றேன். "சும்மாதான்" என்றாள். பாதி விட்டு, வண்டி லேசாக உறுமினதும் ஹேண்ட் பிரேக்கை எடுக்க வேண்டும் என்று சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். பொம்பளைக்கு எதெல்லாம் தெரிந்துகொள்ள ஆசை பாருங்கள்.

ஜனவரி 28, செவ்வாய்

பிரைமர் இரண்டு பூச்சு. மதிலோரம் சைக்கிள் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் தெருமுனைக் கோயில் பக்கம் நிறுத்திவிட்டு நடந்து வருகிறார்கள். என் வீட்டைத் தாண்டும்போது பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். நிம்மதி.

ஜனவரி 30, வியாழன்

ஒண்டிப்புதூர் தாண்டி இடது பக்கம் திரும்பினேன். ஒரு ஸ்கூட்டர் விழுந்தது. என் வண்டி படவில்லை. ஓட்டி வந்தது பூ வியாபாரம் பண்ணுகிற அம்மா. முழங்கையில் சிராய்ப்பு. கூடை கவிழ்ந்து ரோடெல்லாம் செவ்வந்தி. இண்டிகேட்டர் போட்டுத்தான் திரும்பினேன். சாந்தாமணி கத்தினதால்தான் பிரேக் போட்டேன் என்பதும் நிஜம். சக்கரத்துக்கும் அந்த அம்மாவின் காலுக்கும் ஒரு முழம் இருந்தது.

"கண்ணு தெரியலையா உனக்கு?" என்று அந்த அம்மா கேட்டது. ரோட்டில் எல்லோரும் எல்லோரையும் கேட்கிறதுதான்.

சாந்தாமணி இறங்கிப் பூவையெல்லாம் அள்ளிக் கூடையில் போட்டாள். அந்த அம்மாவிடம் என்னமோ சொல்லிக் கும்பிட்டாள். வண்டியில் ஏறின பிறகு வீடு வரைக்கும் "இடது பக்கம்" என்பதைத் தவிர ஒன்றும் பேசவில்லை.

ஜனவரி 31, வெள்ளி

வேலை செய்யவில்லை.

பிப்ரவரி 1, சனி

கண்ணாடி மாற்ற வேண்டும், திங்கட்கிழமை கண் ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வாருங்கள் என்கிறாள் சாந்தாமணி. ஆகட்டும் என்றேன்.

பிப்ரவரி 3, திங்கள்

பார்க்கிங் கிடைக்காது என்று ஆட்டோவில் கூட்டிப் போனாள். அங்கே போனால் இரண்டு சீட்டு. ஒன்றில் அவள் பெயர், இன்னொன்றில் திருமூர்த்தி, வயது அறுபத்தொன்று. வந்தது வந்தாச்சு, நீங்களும் பாருங்க என்றாள். திட்டம் போட்டுத்தான் கூட்டி வந்திருக்கிறாள். அத்தனை பேர் நடுவில் என்ன சண்டை போடுவது!

ஒரு மிஷினில் தாடையை வைத்து உட்காரச் சொன்னார்கள். ஒரு கண்ணை மூடிவிட்டு, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அமுக்க வேண்டும். வலது கண் சரியாகப் போனது. இடது கண்ணுக்கு வரும்போது மிஷின் ரிப்பேர். வெகுநேரம் புள்ளியே வரவில்லை. சொன்னேன். "பரவாயில்லைங்க சார், நேரா பாருங்க" என்றது அந்தப் பெண்.

மிஷின் ரிப்பேர் இல்லை.

டாக்டரம்மா காகிதத்தைக் காட்டினார். இரண்டு வட்டம். வலது வட்டத்தின் ஓரத்தில் லேசாகக் கறுப்பு. இடது வட்டத்தில் முக்கால்வாசி கறுப்பு. கண்ணில் நீர் அழுத்தமாம். வலியே இல்லாமல் வருஷக்கணக்கில் தின்னுமாம். போனது திரும்பாது, இருக்கிறதைச் சொட்டு மருந்து காப்பாற்றும் என்றார். பம்ப் வார்ப்பில் இத்தனை பெரிய ஓட்டை இருந்தால் சிவப்பு மை அடித்து ஓரமாக வைத்துவிடுவேன்.

"வண்டி ஓட்டறீங்களா?"

"முப்பது வருஷமா."

"இனி வேண்டாங்க."

சாந்தாமணி, "சரிங்க டாக்டர்" என்றாள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

கலர் மூன்று பூச்சு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் இருபது நிமிடம். ஒரு சாண் தள்ளி நின்று, கையை நிறுத்தாமல் அடிக்க வேண்டும். நின்ற இடத்தில் வழிந்துவிடும். எங்கும் வழியவில்லை.

இரண்டாவது பூச்சுக்கும் மூன்றாவது பூச்சுக்கும் நடுவில் சாந்தாமணியிடம் சொன்னேன்: ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மட்டும் மெதுவாக ஓட்டிப் போய் மிருதுளாவைக் கூட்டி வந்துவிடுகிறேன், அப்புறம் நிறுத்திக்கொள்கிறேன். சம்பந்தி வீட்டுக்கு வாடகை வண்டியில் போய் இறங்கினால் நன்றாகவா இருக்கும்? பெண் வேறு ஆசைப்பட்டுக் கேட்டிருக்கிறாள்.

"நீங்க ஓட்டினா நான் ஏற மாட்டனுங்க. வயித்துப் புள்ளையோட இருக்கற எம் பொண்ணையும் ஏத்த மாட்டேன்" என்றாள். இத்தனை வருடத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

உள்ளே போய்ப் புளி டப்பாவைத் திறந்து ஒரு அட்டையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். டிரைவிங் லைசென்ஸ். அவள் போட்டோ, எண்ணெய் வைத்துத் தலை வாரி, முறைத்துக்கொண்டு. எடுத்து மூன்று வாரம் ஆகிறது.

"வாக்கிங்னு போனது?"

"டிரைவிங் ஸ்கூலுங்க. டீச்சர்தான் சேர்த்துவிட்டாங்க. இப்பக்கூட தெனமும் அவங்க வண்டியிலதான் பழகறேன், சூலூர் வரைக்கும்."

"எப்ப இருந்து தெரியும் உனக்கு?"

"ஐப்பசியில. முனைக் கடைகிட்ட ஒரு நாய் படுத்திருந்துச்சு, இடது பக்கம். நான் ஸ்டியரிங்கைத் தொட்டுத் திருப்பலைன்னா ஏத்தியிருப்பீங்க. நாயைத் திட்டுவீங்கன்னு பார்த்தேன். எதுக்குடி கையை வெக்கறேன்னு என்னையத் திட்டுனீங்க. நாயையே நீங்க பார்க்கலை."

அப்போதே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொன்னா கேக்கற ஆளா நீங்க? இடது பக்கம்னு சொன்னதுக்கே வாயை மூடுன்னீங்க."

மூன்றாவது பூச்சுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன்.

பிப்ரவரி 5, புதன்

கலருக்கு மேலே பளபளப்புக்குக் கிளியர் அடித்தேன். சாந்தாமணியோடு பேச்சு இல்லை. சாம்பாரில் உப்பு சரியாக இருந்தது. அதையும் சொல்லவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

காலையில் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனேன். கேட்டின் இடது பாதியில் ஒரு கொண்டி நீட்டிக்கொண்டிருக்கும். தரையிலிருந்து அளந்தேன். எழுபத்தொன்று. கொண்டியின் முனையில் என் பச்சை உரிந்து, அந்த இடத்தில் சாம்பல் கலர் ஒட்டியிருந்தது. மூன்று வாரமாகத் தினம் நான் திறந்து மூடுகிற கேட்.

உள்ளே வந்து இந்த டைரியில் பதினேழாம் தேதியைப் புரட்டினேன். கேட் கிறீச்சென்று கத்தியது என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். பதினெட்டில் எழுபத்தொன்று என்றும் எழுதியிருக்கிறேன். இருபத்தைந்தில் கறுத்த பச்சை. கேட்டைத் தவிர எல்லாவற்றையும் அளந்திருக்கிறேன்.

அந்தப் பக்கங்களைக் கிழித்துவிடலாமா என்று கூடத் தோன்றியது. முப்பத்தொரு வருடத்தில் ஒரு ரிப்போர்ட்டையும் கிழித்ததில்லை. கிழிக்கவில்லை. ஆனால் வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. அந்த அம்மாவின் காலுக்கும் சக்கரத்துக்கும் ஒரு முழம் என்று எழுதினேனே, அது நான் பார்த்துத் தெரிந்துகொண்டதில்லை. இறங்கின பிறகு சாந்தாமணி சொன்னது.

ரெஜினா டீச்சர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று சொன்னேன்.

"டீச்சர், சைக்கிள் இல்லீங்க. என் கேட்டுதான். நான்தான் உரசியிருக்கேன்."

"தெரியும் சார். அக்கா அப்பவே சொன்னாங்க."

"அப்புறம் ஏன் சைக்கிளைக் கோயில்கிட்ட கொண்டுபோய் விட்டீங்க?"

"நீங்களா வந்து சொல்ற வரைக்கும் இருக்கட்டும்னு அக்காதான் சொன்னாங்க."

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. கெரகம். நாளையிலிருந்து பழையபடி மதிலோரமே நிறுத்தச் சொல்லுங்கள் என்றேன்.

பிப்ரவரி 8, சனி

இரண்டாயிரம் நம்பர் பேப்பரால் மேலாகத் தேய்த்து, காம்பவுண்டு போட்டு, பாலிஷ் போட்டு முடித்தேன். வெயிலில் நிறுத்திப் பார்த்தேன். தெரிந்தவனுக்கு மட்டும் பின்கதவில் ஒரு இடம் அரைக் கலர் கம்மியாகத் தெரியும். நகத்தை வைத்து இழுத்தேன். எங்கும் நிற்கவில்லை. பாஸ்.

கையைத் துடைத்துவிட்டுச் சாவியைச் சமையலறை மேடையில், அவள் இடது கைப் பக்கம் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள். அடுப்பைக் குறைத்துவிட்டு, "கூட உக்காருவீங்களா?" என்று கேட்டாள்.

சூலூர் வரைக்கும் போய் வந்தோம். ஸ்டியரிங்கை இட்லிக் குண்டானைத் தூக்குகிற மாதிரி இறுக்கிப் பிடிக்கிறாள். கியர் மாற்றும்போது உதட்டைக் கடிக்கிறாள். ஆனால் கண்ணாடியைப் பார்க்கிறாள், மூன்றையும், முறை தவறாமல். நான் எட்டு இடத்தில் குறை சொன்னேன். ஒன்பதாவது இடத்தில், "வாயை மூடிட்டு வாங்க" என்றாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

போகும்போதும் சாந்தாமணிதான் ஓட்டினாள், போய் இறங்கினபோது வாசலில் யாரும் இல்லை. மிருதுளாவுக்கு இரண்டு கையும் முழங்கை வரைக்கும் வளையல். பச்சை, சிவப்பு, நடுவில் நாங்கள் வாங்கிப்போன கண்ணாடி வளையல். முகம் பூரித்திருந்தது. வாசலில் வண்டியைப் பார்த்துவிட்டு சம்பந்தி, "என்னங்க மச்சான், புதுசாட்டம் பளபளன்னு வெச்சிருக்கறீங்க!" என்றார். வீட்டிலேயே நான் பார்த்தேன் என்றேன்.

கிளம்பும்போது எல்லோர் முன்னாலும் சாந்தாமணி டிரைவர் பக்கம் ஏறினாள். சம்பந்தியம்மா வாயைப் பொத்திக்கொண்டது. மிருதுளா சிரியோ சிரி என்று சிரித்தாள். பின்னால் உட்கார்ந்துகொண்டு, "ஏம்ப்பா, நீங்க ஓட்டலையா?" என்று கேட்டாள். இன்னைக்கு உங்கம்மா ஆசைப்பட்டாள் என்றேன். பொய். அவளும் நம்பினாள். பல்லடம் வரைக்கும் அம்மாவைக் கிண்டல் பண்ணிக்கொண்டே வந்தாள், அப்புறம் தூங்கிவிட்டாள்.

எண்பது கிலோமீட்டர், இரண்டேகால் மணி நேரம். நானாக இருந்தால் ஒன்றரை.

இருட்டுவதற்குள் வந்துவிட்டோம். இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு மறுபடி ஏறி உட்கார்ந்தேன். சாந்தாமணி வண்டியின் மூக்கை மட்டும் நுழைத்துவிட்டு நிறுத்தினாள். பிரேக் போட்டதில் மிருதுளா முழித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, உங்க பக்கம் எடம் இருக்குதுங்களா?"

என் பக்கம் என்றால் இடது பக்கம். இருக்கிறது, வா என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. முப்பது வருடமாக அப்படித்தான் உள்ளே விட்டிருக்கிறேன். கேட்டின் அந்தப் பாதி எங்கே இருக்கிறது என்று நிஜமாகவே தெரியவில்லை.

"எனக்குத் தெரியலை சாந்தா. அந்தப் பக்கம் எனக்குக் கண்ணு தெரியறதில்லை. இரு, எறங்கிப் பார்த்துச் சொல்றேன்."

பின்னால் வளையல் சத்தம் நின்றது. "என்னப்பா சொல்றீங்க? அம்மா, அப்பா என்ன சொல்றாரு?"

"உள்ள வந்து சொல்றேன் கண்ணு. பயப்படாத."

இறங்கினேன். கேட்டின் இடது பாதி அரைகுறையாகத்தான் திறந்திருந்தது. சுவரோடு ஒட்டத் தள்ளி, கொண்டியை உள்ளங்கையால் மூடிப் பிடித்துக்கொண்டு, வா என்றேன். சாந்தாமணி என்னைப் பார்த்தாள், அப்புறம் கண்ணாடியைப் பார்த்தாள், கிளச்சைப் பாதி விட்டாள். என் கைக்கு முன்னால் முன்கதவு போனது, பின்கதவு போனது, ஜன்னலில் மிருதுளாவின் முகம் என்னையே பார்த்துக்கொண்டு போனது. கைக்கும் வண்டிக்கும் நடுவில் நாலு விரல் இடம் இருந்தது.